ஆறுமுகநேரிக்கு 30 பைட் வேணும்

"இந்த சாஃப்ட்வேர்ல தமிழ் சரியா வராது"ன்னு யாராவது சொன்னா நாம தலையாட்டிட்டுப் போயிடுறோம். ஏதோ தமிழ் எழுத்துதான் கஷ்டமானது மாதிரி. என் கருத்து வேற: தப்பு எழுத்தில் இல்லை, நாம டெஸ்ட் பண்ற விதத்தில் இருக்கு.

ஆறுமுகநேரியையே எடுத்துக்கோங்க. ஆங்கிலத்தில் 11 எழுத்து, 11 பைட். தமிழில் கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. ஆனா யுனிகோடில் 'று' என்பது 'ற' ஒன்று, உகரக் குறி ஒன்று என 2 குறியீடு. இப்படி எண்ணினா மொத்தம் 10. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30 பைட். ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும்னு வெட்டுற புரோகிராம், ஆங்கிலத்தில் டெஸ்ட் பண்ணினா பாஸ் ஆயிடும். தமிழில் 'ஆறுமுக' மட்டும் மிஞ்சும், பின்னாடி 'ந' பாதியில் உடைஞ்சு நிற்கும்.

உடைஞ்சு வர்ற விதத்தை வச்சே நோயைக் கண்டுபிடிக்கலாம். கட்டம் கட்டமா வந்தா ஃபான்ட் இல்லை, டேட்டா பத்திரமா இருக்கு. தலையில் கோடு போட்ட 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்'உம் திரும்பத் திரும்ப வந்தா, யுடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1ன்னு நினைச்சுப் படிக்குது, பெரும்பாலும் மீட்டுடலாம். வெறும் கேள்விக்குறியா சேமிச்சிருந்தா கதை முடிஞ்சது. தமிழே இல்லாத குறியீட்டுக்கு மாத்தினப்பவே எழுத்து அழிஞ்சுபோச்சு, பேக்கப் இருந்தாதான் உண்டு.

தமிழ் யுனிகோடில் வந்தது 1991இல். தமிழக அரசு 2010இல் யுனிகோடை ஏற்றது. ஆனா 2018இல் 8.0 வெளிவரும் வரை, நாம எதுவும் குறிப்பிடலைன்னா மைஎஸ்க்யூஎல் எடுத்துக்கிட்டது லத்தீன்-1தான். பழைய டுடோரியலைப் பார்த்து காப்பி அடிச்ச புராஜெக்ட் இன்னைக்கும் கேள்விக்குறி போடுறது இதனாலதான்.

எழுத்து சரியானாலும் வாக்கியம் சொதப்பலாம். '(ஊர்)இல் கடல் சீற்றம்'னு டெம்ப்ளேட் போட்டா 'புன்னக்காயல்இல்', 'ஆறுமுகநேரிஇல்'னு வரும். வேற்றுமை உருபு பெயரோட புணரும்னு ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும், கோடுக்குத் தெரியாது. 'ஊர்: புன்னக்காயல்'னு தனியா எழுதிட்டா பிரச்சினையே இல்லை. எஸ்எம்எஸ்ஸா இருந்தா இன்னொரு கணக்கு: ஒரு செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 குறியீடுதான். எந்த ஊர், எந்த நேரம் என்பதை முதல்லயே சொல்லிடணும்.

நமக்குக் கேள்விக்குறி வந்தா மொழியை ஆங்கிலத்துக்கு மாத்திக்குவோம். கடலுக்குக் கிளம்புற ஒருத்தருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்னா, அவர் எதுக்கு மாத்துவார்?

அதனால ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யுற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டேட்டாவில் உங்க ஊர்ப் பெயரைத் தமிழில் போடுங்க. சேமிங்க, தேடுங்க, அச்சடிங்க, எஸ்எம்எஸ் அனுப்புங்க. நாலு இடத்திலும் பெயர் முழுசா வந்தாதான் டெமோவுக்குப் போங்க.