மகளின் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது?



உங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். திண்ணை ஓரத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ தூசி படிந்த சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கும். பெண்ணோ பிள்ளையோ மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவாயிற்று. இப்போது பெண் காலேஜ் பஸ்ஸில் போகிறாள். பையன் மோட்டார் சைக்கிள் கேட்கிறான். சைக்கிள் மட்டும் காற்று இறங்கி நிற்கிறது.

அதை நாம் எடுத்து ஓட்டினால் என்ன?

என்ன, சிரிப்பு வருகிறதா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. “இந்த வயசுல இன்னாத்துக்கும்மா சைக்கிளு? நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாங்களா?” என்றார் மாமியார். “சிரிக்கட்டும் அத்தே, சிரிச்சா அவங்க உடம்புக்கு நல்லது. மிதிச்சா என் உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது ஆரணி, வாழ்க்கைப்பட்டது தெள்ளார். சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது கால்களுக்கு மறக்கவில்லை. போன வருஷம் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்தது. “மாத்திரை அப்புறம் பார்க்கலாம், முதல்ல தினம் அரைமணி உடம்பு வேர்க்கணும்” என்றார் டாக்டரம்மா. அதனால்தான் மகளின் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. சாதத்தையும் குறைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைக்கிளுக்கு மட்டும் பெருமை தரக்கூடாது.

நாற்பதுக்குப் பிறகு ஏன்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். “வீட்டு வேலை செய்கிறோமே, போதாதா?” என்று கேட்பீர்கள். அதுவும் கணக்கில் சேரும்தான். ஆனால் அடுப்படியில் நின்றபடியே செய்கிற வேலையில் நெஞ்சு படபடக்க மூச்சு வாங்குவது கிடையாது. கால் வலிதான் மிச்சம்.

சைக்கிளில் உடம்பின் பாரம் சீட்டில் இறங்கிவிடுகிறது. முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு, தொடைத் தசைக்கு நல்ல வேலை. தொடைத் தசை உறுதியானால் முழங்காலுக்கு அது ஒரு தாங்கல். ஆனால் ஒன்று. எலும்பு உறுதிக்குச் சைக்கிள் மட்டும் போதாது. மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு தேய ஆரம்பிக்கிறது. உடம்பின் பாரத்தைக் காலே சுமக்கும்படி நடப்பது, படியேறுவது ஆகியவைதான் எலும்புக்கு வலு. நம் பக்கத்தில் இதற்கென்றே அமைந்தது போலச் சைக்கிளில் போய்ச் சேருகிற தூரத்தில் குன்றும் படிக்கட்டும் இருக்கின்றன. போகும்போது மிதி, போனபின் ஏறு. இரண்டு மருந்தும் ஒரே காலையில்!

முதலில் சைக்கிளைக் கவனியுங்கள்

ரொம்ப நாள் நின்ற வண்டியை அப்படியே எடுக்காதீர்கள். சைக்கிள் கடையில் கொடுத்து ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். பிரேக் ரப்பர், ட்யூப், செயின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சீட் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். “சைக்கிள் விட்டேன், கால் போச்சு” என்பவர்களில் பலருக்குச் சீட்தான் காரணம்.

உடை சுடிதாரானால் சௌகரியம். புடவைதான் என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, பின்சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு மூடியும் உள்ள லேடீஸ் சைக்கிளையே எடுங்கள். தலைக்கு ஹெல்மெட், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான். தண்ணீர் ஒரு பாட்டில், உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில்.

முதல் இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் வருகிறவளுடன் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

முதல் பாதை: நம் ஊரே

வெளியூருக்குப் போகுமுன் தெள்ளாரையே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நமக்குத் தெரியாத ஊர் இது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை இங்கேதான் வென்றான். அதனால் அவனுக்குத் ‘தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்’ என்றே பெயர். நந்திக் கலம்பகம் பாடப்பட்டது அவன் மேல்தான். 1231ஆம் ஆண்டு வாக்கில் மறுபடியும் இங்கே ஒரு போர். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைத் தோற்கடித்து, சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள மன்னன் படையனுப்பி மீட்க வேண்டியதாயிற்று. இரண்டு ராஜாக்களின் தலையெழுத்து மாறிய மண்ணில்தான் நாம் கடலைக்காய் காய வைக்கிறோம்! பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாதை: சீயமங்கலம்

ஒரு மாதம் பழகியபின் மேற்கே தேசூர்ப் பக்கம் போகலாம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாதீர்கள். தேசூரை அடுத்து இருக்கிறது சீயமங்கலம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். அவனுடைய பட்டப்பெயரால் ‘அவனிபாஜன பல்லவேசுவரம்’ என்று பெயர். சுவாமியை நம் மக்கள் தூணாண்டார் என்கிறார்கள். முன்னால் இருப்பவை பிற்காலத்து மண்டபங்கள். உள்ளே போய்க் குடைவரைத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். அங்கே ஆடுகிற சிவனின் சின்னச் சிற்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கல் சிற்பங்களில் நடராஜரின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று அது. பக்கத்துக் குன்றில் பார்சுவநாதர், பாகுபலி முதலிய சமணச் சிற்பங்களும் உள்ளன.

மூன்றாம் பாதை: வந்தவாசியும் பொன்னூர் மலையும்

வடக்கே வந்தவாசி. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். 1760 ஜனவரி 22 அன்று அங்கே நடந்த சண்டையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டே புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. தென்னாட்டில் ஆங்கிலமா பிரெஞ்சா என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது எனலாம். அந்தக் கோட்டை இன்று பெரும்பாலும் சிதைந்துவிட்டது.

வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டு சாலையில் எட்டு கிலோமீட்டர் அளவில் பொன்னூர் மலை. குந்தகுந்தர் என்ற சமண ஆசாரியர் தவம் செய்த இடமென்று மலைமேல் அவருடைய திருவடிகளை வைத்து வணங்குகிறார்கள். படிக்கட்டு உண்டு. ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.

நான்காம் பாதை: செஞ்சி

இது ஆறு மாதம் பழகியவர்களுக்கு. போகவே இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். நாலு பேர் சேர்ந்து, விடியற்காலையில் கிளம்பினால்தான் உண்டு. திரும்ப முடியாதென்று தோன்றினால் சைக்கிளை ஏற்றிவர ஒரு மினி லாரியைச் சொல்லி வைத்துவிடுங்கள். அதில் ஒன்றும் அவமானமில்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றையும் வளைத்துக் கட்டிய கோட்டை செஞ்சி. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டும் சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தாக்குப் பிடித்தார். கடைசியில் கோட்டை விழுந்தபோது அவர் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டிய இராணுவக் கோட்டைகள் 12இல் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜனை நாம் தெருக்கூத்தில் பார்த்திருக்கிறோம். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் இராணிப்பேட்டை என்ற பெயர் என்பார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சைக்கிள் மிதித்துப் போன அன்றைக்கே உச்சிக்கு ஏற வேண்டாம். அடிவாரத்துக் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்தால் போதும்.

சில எச்சரிக்கைகள்

மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் அதுவே புத்திசாலித்தனம், உடற்பயிற்சியும்கூட. இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுகப் பிடிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் நடுக்கம், குப்பென்று வேர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை வாயில் போடுங்கள். கடலை மிட்டாய் அந்த நேரத்துக்கு மெதுவாகத்தான் உதவும். நெஞ்சு வலித்தாலோ அடைத்தாலோ அங்கேயே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள், 108க்குப் போன் செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை வழி வழுக்கும். மார்கழி, தை, மாசிதான் நமக்குக் காலம். சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

நாம் முதல் ஆளும் இல்லை

1894இல் அமெரிக்காவில் ஆனி லண்டன்டெரி என்ற பெண் சைக்கிளும் கப்பலுமாக உலகத்தைச் சுற்றக் கிளம்பினாள். மூன்று குழந்தைகளுக்குத் தாய். அவ்வளவு தூரம் போவானேன்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பிளை சைக்கிளிலும் ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! ஊர் பேசாமலா இருந்திருக்கும்? பேசியது, பிறகு பழகிவிட்டது.

நம் வீட்டில் இப்போது எல்லாருக்கும் ஒரு வண்டி இருக்கிறது. நமக்கு மட்டும் பின்சீட்டு. ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ தாய்வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் யாருக்கு ஓய்வு என்று பார்த்துக் காத்திருக்கிறோம். சைக்கிள் மிதிக்கிற காலுக்கு அந்தக் காத்திருப்பு கொஞ்சம் குறையும். சர்க்கரை குறைந்ததைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

மாமியார் இப்போது என்ன சொல்கிறார் என்கிறீர்களா? “வர்றப்ப வந்தவாசில ஒரு பாய் வாங்கிகினு வாம்மா, கேரியர்ல கட்டிக்கலாம்” என்கிறார்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்படிக் குன்றும் கோட்டையும் இருக்கும். எத்தனை கிலோமீட்டர், எங்கே நிழல், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எழுதுங்கள். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படும். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள்.