ஓசிச் சோறும் பச்சை அட்டையும்

அமெரிக்காவுல நம்மாளுங்க நாலு பேர் கூடினா, காபி வந்ததும் தவறாம ஒரு பேச்சு கிளம்பும். "நாமெல்லாம் படிச்சு, உழைச்சு வந்தோம். அவனுங்க ஓசிச் சோறு திங்க வர்றானுங்க. அரசாங்க உதவி வாங்குறவனுக்கு எதுக்குப் பச்சை அட்டை?" கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அதான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம். 'பப்ளிக் சார்ஜ்' என்பது 1882-லிருந்து அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இருக்கும் சமாச்சாரம். இந்த ஆள் நாளைக்கு அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடுவார் என்று அதிகாரி நினைத்தால் பச்சை அட்டை கிடையாது. கவனிங்க மக்களே, இன்னைக்குப் பாரமா இருக்காரான்னு மட்டும் பார்க்கலை. நாளைக்கு ஆவாரான்னு ஜோசியம் பார்க்குறாங்க!

1999 வழிகாட்டுதலின்படி இரண்டைத்தான் கணக்கில் எடுத்தார்கள்: பிழைப்புக்கான ரொக்க உதவி, அரசு செலவில் நீண்டகாலம் காப்பகத்தில் இருப்பது. ட்ரம்ப் அரசின் 2019 விதி இதோடு ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட், வாடகை உதவி எல்லாவற்றையும் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் அமலாகி, 2021 மார்ச்சில் காலாவதியானது. 2022-ல் பைடன் அரசு கிட்டத்தட்ட பழையபடியே ஒரு விதி போட்டது. 2025 நவம்பரில் அதையும் நீக்க முன்மொழிந்தார்கள்.

சரி, அந்த ஓசிச் சோறு எங்கேய்யா இருக்கு? எச்1பி-யில் இருப்பவருக்கு ஃபுட் ஸ்டாம்ப் கிடையாது. ஆவணமில்லாதவருக்குச் சுத்தமாகக் கிடையாது. 1996 சட்டப்படி, பச்சை அட்டை வாங்கிய பெரியவர்களே பெரும்பாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அகதிகளுக்கோ இந்தச் சோதனையே இல்லை. அதாவது, சோதனைக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த உதவியை வாங்கவே முடியாது!

அப்புறம் யாருக்கு அடி? பயந்தவர்களுக்கு. விதி அமலுக்கு வருவதற்கு முன்பே, 2018-ல் அர்பன் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கெடுப்பில், குடியேறிய குடும்பங்களின் பெரியவர்களில் ஏழில் ஒருவர், பச்சை அட்டை போய்விடுமோ என்ற பயத்தில் தானோ தன் குடும்பத்தாரோ உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார். அமெரிக்கக் குடிமகனான குழந்தை வாங்கும் உதவி, பெற்றோர் கணக்கில் 2019 விதியிலும் சேராது. ஆனால் பயத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? பட்டினி கிடப்பது புள்ளைங்கதான்.

'நமக்கென்ன'ன்னு இருக்கறவங்களுக்கு ஒரு சேதி. 2019 விதியில் வயது 61-ஐத் தாண்டினால் மைனஸ். ஆங்கிலம் வராவிட்டால் மைனஸ். 2025 நவம்பரில் விசா அதிகாரிகளுக்குப் போன ஒரு வெளியுறவுத் துறைச் சுற்றறிக்கை சர்க்கரை வியாதி, இதய நோய், உடல் பருமனையும் பார்க்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. எழுபது வயது, சர்க்கரை, தமிழ் மட்டும்தான் தெரியும். யாருன்னு தெரியுதா? உங்க அம்மாதான்.

அரசாங்கம் கணக்கே பார்க்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. அதுக்குத்தான் ஸ்பான்சர் பண்ற பிள்ளைகிட்ட, வறுமைக் கோட்டைப் போல 125 சதவீத வருமானம் இருக்கான்னு பார்த்து, சட்டப்படி செல்லும் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குறாங்களே. அதுக்கு மேல ஜோசியம் எதுக்கு?

அந்தக் கணக்கையே முழுசாப் பார்ப்போம் வாங்க. எச்1பி-யில் வருபவர் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிக்கேருக்கு 1.45 சதவீதம் கட்டுகிறார். ஓய்வூதியம் வேண்டுமானால் சுமார் பத்து வருட வேலைக் கணக்கு வேண்டும். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் இல்லை. எட்டு வருடத்தில் ஊர் திரும்பியவர் கட்டிய காசு கோவிந்தா. இப்ப சொல்லுங்க, யாரு யாருக்குச் சோறு போடுறது?

1910-களில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஏஞ்சல் தீவில் வந்திறங்கிய இந்தியக் கூலிகள், பெரும்பாலும் பஞ்சாபிகள், பலரைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் எடுத்த ஆயுதமும் இதே 'பாரமாகிவிடுவான்'தான். 1917-ல் சட்டம் போட்டு ஆசியாவின் பெரும்பகுதிக்கே கதவைச் சாத்தினார்கள். அப்போது உள்ளே இருந்தவனும் 'நாங்க உழைச்சு வந்தோம்'னுதான் சொல்லியிருப்பான்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. உங்க கேஸுக்கு நல்ல குடிவரவு வக்கீலைப் பாருங்க. என்னைத் திட்டணும்னா மட்டும் பின்னூட்டத்துக்கு வாங்க :-)