ஆப்பரேஷனுக்குப் பின் யார் பார்த்துக்கொள்வது?

நமது நாட்டில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால், பந்தல் யார், சமையல் யார், பந்தி விசாரிப்பது யார், மொய் எழுதுவது யார் என்பதெல்லாம் மூன்று மாதத்திற்கு முன்பே பேசி முடிவாகி விடுகின்றது. காது குத்துக்கும் அப்படியே. ஆனால் அதே வீட்டில் ஒருவருக்கு வயிற்றைக் கிழித்து ஆப்பரேஷன் செய்ய வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டால், ஜோசியரிடம் நாள் கேட்பதும், குலதெய்வத்திற்கு மஞ்சள் துணியில் காசு முடிவதும், பழனிக்கு மொட்டை வேண்டிக்கொள்வதும் தவிர வேறு எந்த ஏற்பாடும் நடப்பதில்லை. ஆஸ்பத்திரியில் இரவு தங்குவது யார், வீட்டுக்கு வந்தபின் கைத்தாங்கலாகக் கழிப்பிடத்திற்கு அழைத்துப் போவது யார், பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்றால், இவற்றிற்கெல்லாம் பதில் முன்னமே எழுதி வைக்கப்பட்டிருப்பதாக எல்லோருக்கும் எண்ணம். “வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்பதே அந்தப் பதில்.

இந்தப் பதில் நியாயமானதுதானா, இது நடக்கக்கூடியதுதானா என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

திண்டுக்கல் பக்கத்து ஜனங்கள் ஆப்பரேஷன் என்றால் மதுரைக்கு ஓட வேண்டிய கஷ்டம் முன்னைவிடக் குறைந்திருக்கின்றது. இளம் வயதில் கணவனை இழந்து, அதைத் தலைவிதி என்று மூலையில் உட்காராமல் டாக்டருக்குப் படித்து, மறுமணமும் செய்துகொண்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947ல் சின்னாளபட்டியை ஒட்டித் தோற்றுவித்த காந்திகிராமத்தில் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இருக்கின்றது. ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தரியன் 1955ல் துவக்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி இருக்கின்றது. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டாய்விட்டது. பணமில்லாதவர்களுக்கு 2009ல் ஏற்பட்ட கலைஞர் காப்பீட்டுத் திட்டம், இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் குடும்பத்திற்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரையில் உதவுகின்றது. ஆகவே கத்திக்கு ஒருவாறு வழி ஏற்பட்டுவிட்டது. கத்திக்குப் பிறகுள்ள நாட்களுக்கு வழி எங்கே என்றுதான் கேட்கின்றோம்.

வேடசந்தூர் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டினால் அவருக்கு ஆப்பரேஷன் இலவசம். ஆனால் அவர் படுத்த நாளெல்லாம் அவர் கூலி போயிற்று. கூட இருக்கும் மனைவியின் கூலியும் போயிற்று. வீட்டில் சமைக்கவும், ஆட்டைப் பார்க்கவும், தம்பியைத் தூக்கவும் எட்டாவது படிக்கும் மகள் நிறுத்தப்பட்டாள்; அவள் படிப்பும் போயிற்று. இந்த மூன்று நஷ்டத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

நூல் மில்லில் இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி நோயில் படுத்தால், உரிய சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கின்றது. தறிக்காரருக்கும், பூப் பறிக்கிறவருக்கும், நாட்கூலிக்கும் அதுவும் இல்லை. ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்கின்றவளுக்கோ, மில்லானாலும் தறியானாலும் காடானாலும், ஒரு காசும் இல்லை. அவள் செய்வது வேலை என்றே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு “கடமை” என்றும், “தியாகம்” என்றும், “பதிபக்தி” என்றும் பெயர் வைத்து விட்டார்கள். பெயர் பெரிதாக இருந்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா!

இது நமது கற்பனையல்ல. இந்திய சர்க்கார் 2019ல் எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை செய்கின்ற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் அதில் செலவிடுவதாகவும், செய்கின்ற ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுவதாகவும் கண்டிருக்கின்றது. அதிலும் வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் நாலில் ஒருவர்தான். பெண்களோ ஐந்தில் நால்வர். இப்படிப்பட்டவள் படுத்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?

இதற்குக் கருத்தடை ஆப்பரேஷனைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆணுக்குச் செய்வது, அந்த இடத்தை மாத்திரம் மரக்க வைத்துச் சில நிமிஷங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு நடந்து போகக்கூடிய காரியம். பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறந்து செய்வது. இ.எஸ்.ஐ.யே இதை ஒப்புக்கொண்டு, ஆணுக்கு 7 நாளும் பெண்ணுக்கு 14 நாளும் முழுக் கூலியோடு ஓய்வு கொடுக்கின்றது. அப்படியிருந்தும் 2019-21 வருஷத்துக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஆப்பரேஷன் செய்துகொண்டிருக்கின்றார்கள். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. கஷ்டம் குறைந்த வழி ஆணிடம் இருக்க, கஷ்டமான வழி பெண் தலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. அதோடு போகட்டுமென்றால், தையல் காயுமுன் குடம் தூக்குவதும் அவளே. அவளைப் பார்த்துக்கொள்ள வருவது அவள் தாயாரே தவிர, பக்கத்தில் நிற்கும் புருஷனல்ல. “ஆண் பிள்ளை அடுப்படிக்கு வரலாமா” என்கின்றார்கள். கலியாண வீட்டில் கூலிக்குச் சமைக்கும்போது ஆண் பிள்ளைக்குக் குறையாத கௌரவம், சொந்த மனைவிக்குக் கஞ்சி வைக்கும்போது மாத்திரம் குறைந்துவிடுமா?

நிற்க, நோயாளியைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி நம்மிடையே உள்ள மூடத்தனங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும்.

மலம், மூத்திரம், இரத்தம் துடைப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் ஜாதியிலிருந்து வந்தது. ஆப்பரேஷன் மேஜையில் இரத்தம் ஏற்றும்போது அது ஏயா, பீயா, ஓவா என்றுதான் டாக்டர் பார்க்கின்றார். எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை. அந்த இரத்தத்தால் பிழைத்து வீடு வந்தவர், கூட உதவிக்கு ஆள் வைக்கும்போது “நம்மவர்களாகப் பாருங்கள்” என்கின்றார். உடம்புக்குள் போகலாம், அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது என்பதைவிட அறிவீனம் உண்டா?

அடுத்தது பத்தியம். பருப்புத் தின்றால் சீழ் வைக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று வெறும் ரசமும் ரொட்டியும் கொடுத்துப் போடுகின்றார்கள். புண் ஆறச் சதை வளர வேண்டும். சதை வளரப் பருப்பும் முட்டையும் மீனும் பாலுமே வேண்டும். டாக்டர் வேண்டாமென்று சொன்னதை விலக்குங்கள்; பக்கத்து வீட்டார் சொன்னதை விலக்காதீர்கள். அப்படியே, அசையாமல் படுத்திருப்பதுதான் ஓய்வு என்பதும் தப்பு. டாக்டர் தடுக்காத வரையில் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும்; இல்லாவிட்டால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அது நுரையீரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சீழ் வைப்பது பருப்பினால் அல்ல, பெரும்பாலும் கிருமியினாலேயே. புண்ணைத் தொடும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், திருநீறு பூசி என்ன பயன்?

மூன்றாவது, பார்க்க வருகின்றவர்கள் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பையோடு இருபது பேர் வருகின்றார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, இதே ஆப்பரேஷனில் செத்துப் போனவர் கதையைச் சொல்லிவிட்டுப் போகின்றார்கள். இருபது பேரில் ஒருவர் “இன்றிரவு நான் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு” என்று சொல்வதில்லை. பார்க்க வருகின்றவர்கள் ஏராளம்; பார்த்துக்கொள்ள வருகின்றவர்கள்தான் இல்லை.

ஆதலால் என்ன செய்ய வேண்டும்? ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தவுடன், ஜோசியரிடம் போகுமுன் வீட்டார் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். ஒரே ஆள் நாட்கணக்கில் விழித்தால் அவரும் படுக்கையில் விழுவார். வீட்டில் சமையலுக்கு யார், பிள்ளைக்கு யார், மாட்டுக்கு யார். இதில் ஆண்கள் பெயர் பாதியாவது இருக்க வேண்டும். படிக்கின்ற பெண்ணின் பெயர் அதில் இருக்கவே கூடாது. படுக்கை மாடியிலா கீழேயா, கழிப்பிடம் எத்தனை தூரம், குந்த முடியாதவருக்கு நாற்காலி உண்டா என்பதை முன்னமே பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மருந்து எப்படி, கட்டு மாற்றுவது எப்போது, தையல் பிரிப்பது எந்தத் தேதி என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ், ஒரு கால் மாத்திரம் வீங்குதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். மந்திரிக்கின்றவரைக் கூப்பிடக் கூடாது.

ஆளில்லாத வீடுகள் என்ன செய்வது என்று கேட்கலாம். நமது பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? எவன் எப்போது எத்தனை ரூபாய் செய்முறை செய்தான் என்று முப்பது வருஷக் கணக்கு வைத்திருக்கின்றோம். அதே நோட்டில் இன்னார் இன்னாருக்காக இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் விழித்தார் என்று எழுதி, திருப்பிச் செய்தால் என்ன? கோழிக்கோட்டில் 1993ல் சிலர் துவக்கிய வலி நிவாரணச் சங்கத்திலிருந்து வளர்ந்து, கேரளத்து ஊர்களில் அக்கம்பக்கத்தார் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, தீராத நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்கின்றார்கள். 2008ல் அந்த சர்க்கார் அதைத் தனது கொள்கையாகவே ஏற்றது. மகளிர் குழுக்களும், வாலிபர் மன்றங்களும் நிறைந்த நமது ஊர்களில் இது முடியாததா?

சர்க்காரையும் விட்டுவிடுவதற்கில்லை. 2021 ஆகஸ்டில் துவக்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தும், இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆப்பரேஷன் செய்து வந்த ஏழைக்குக் கட்டு மாற்றவும் ஆள் வரட்டும். கூட இருப்பவருக்கும் இழந்த கூலியில் ஒரு பங்கு கிடைக்கட்டும். ஆஸ்பத்திரியில் நர்சுகளும் உதவியாட்களும் போதுமான அளவில் இருந்தால், வராந்தாவில் பெண்கள் பாய் விரித்துக் கிடக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

“கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பது பாசமாகுமா” என்பார் சிலர். கூலி வாங்கி அறுத்த டாக்டரிடம் பாசத்தைத் தேடாதவர்கள், துடைக்கின்ற ஆயாளிடம் மாத்திரம் தேடுவானேன்? வேலைக்கு உரிய கூலியும், மரியாதையும், தூங்க நேரமும் கொடுங்கள். பாசம் இருந்தால் அதற்கு மேல் இருக்கட்டும்.

மொட்டைக்கும் காவடிக்கும் எடுத்து வைக்கும் பணத்தில் ஒரு மாதத்திற்கு உதவியாளுக்குக் கூலி கொடுக்கலாம். எழுந்து நடப்பதற்குத் தோள் கொடுப்பது பக்கத்தில் நிற்கின்ற மனிதன்தான். அந்த மனிதன் யார் என்பதை மயக்க மருந்து கொடுக்குமுன் முடிவு செய்யுங்கள். அது ஒவ்வொரு முறையும் ஒரே பெண்ணாக இருந்தால், அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பதாகவே அர்த்தம்.