பஞ்சுக்குச்சித் தீர்ப்பு

2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இத்தாலியின் ஏஞ்செலா கரினி 46 விநாடியில் ஆட்டத்தை விட்டு இறங்கினார். மறுநாள் மலேசியாவில், நம் மந்தின் ஒட்டுக்கடைகளில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மருத்துவர்களாகிவிட்டார்கள். "ஆம்பளையக் கொண்டாந்து பொம்பளப் புள்ளைய அடிக்க விட்டுட்டானுங்க!" கரினியோடு மோதிய அல்ஜீரியாவின் இமான் கெலிஃப் பெண்ணென்று பிறப்புப் பதிவு பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, 2021இல் தோக்கியோவில் அயர்லாந்தின் கெல்லி ஹாரிங்டனிடம் தோற்றுப்போனவர் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. கடைசியில் தீர்வும் அங்கேயே கிடைத்தது: "ஒரு டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடப் போவுது. மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

இந்த நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். பெண்கள் பிரிவு வேண்டும் என்பதை அல்ல.

ஓட்டத்தின் உச்ச நிலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 முதல் 12 விழுக்காடு இடைவெளி இருக்கிறது. ஆண்பருவம் எய்திய உடலின் வலு கற்பனை அல்ல. தனிப்பிரிவு இல்லையென்றால் நம் பெண்கள் இறுதிச்சுற்றையே பார்க்க மாட்டார்கள். 2016 ரியோவில் மகளிர் 800 மீட்டர் பதக்கம் வென்ற மூவரையும், தென்னாப்பிரிக்காவின் செமன்யா உட்பட, பின்னர் வந்த ஆண் ஹார்மோன் வரம்பு விதி தடுத்தது. நான்காவதாக வந்தவளின் வயிற்றெரிச்சலும் நியாயமானதுதான். ஆகவே எல்லைக்கோடு இருக்கட்டும். அந்தக் கோட்டை ஒரு பஞ்சுக்குச்சி போட்டுக் கொடுத்துவிடும் என்பதுதான் பொய்.

உலகத் தடகளச் சங்கம் 2025 செப்டம்பர் முதல் மகளிர் பிரிவில் கலந்துகொள்கிறவர்கள் வாழ்நாளில் ஒருமுறை, ஆணுடலுக்குத் தொடக்கம் போடும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா என்று பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதித்துவிட்டது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல், அல்லது கொஞ்சம் ரத்தம். புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இது நடந்தது. 3,387 வீராங்கனைகளில் எட்டுப் பேருக்கு அந்த மரபணு தென்பட்டது. எத்தனை பேரை வெளியேற்றினார்கள்? ஒருவரையும் இல்லை. எட்டுப் பேரும் ஆடினார்கள். ஏழு பேரின் உடல் ஆண் ஹார்மோனை முழுதாகவோ ஓரளவோ ஏற்காத உடல். 1999இல் ஒலிம்பிக் குழுவே இந்தச் சோதனையைக் கைவிட்டது. இப்போதைய விதியிலும், ஹார்மோனை முற்றிலும் ஏற்காத உடல் கொண்டவர்களுக்கு விலக்கு உண்டு. அப்படியென்றால் பஞ்சுக்குச்சி பதில் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைத்தான் கிளப்புகிறது. 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இதை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025இல் எழுதினார். அவருக்குத் தெரியாதது நம் ஒட்டுக்கடைக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முன் நடந்தது இன்னும் கேவலம். 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நடக்கவிட்டார்கள். அதே 1966இல்தான் நம் தாப்பா மண்ணின் மகள் எம். ராஜமணி பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றார். நமக்கு நினைவிருக்க வேண்டியது அந்தத் தங்கம். ஆனால் இன்று வேகமாக ஓடும் பெண்ணைக் கண்டால் நமக்கு நினைவு வருவது அந்த மருத்துவர் வரிசை.

மடியில் கனமில்லாதவளுக்குப் பயமில்லையாம். ஸ்பெயினின் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தினோ 1985இல் ஜப்பானின் கோபே நகருக்கு ஓட்டப் போட்டிக்குப் பயமில்லாமல்தான் போனார். தன் உடலில் என்ன இருக்கிறதென்று சோதனை சொல்லும்வரை அவருக்கே தெரியாது. காயம் என்று பொய் சொல்லி ஒதுங்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஒதுங்க மறுத்து ஓடினார். சேதி பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை, தங்குமிடம், நிச்சயித்த மாப்பிள்ளை, எல்லாம் போனது. 1988இல் தகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றதை யார் கொடுப்பது?

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளில் பாலினச் சோதனையில் தவறிவிட்டார் என்ற செய்தி அவர் பெயரோடு உலகம் சுற்றியது. ஊக்கமருந்து உட்கொண்டாரா? இல்லை. ஆணாக வாழ்ந்து வேடம் போட்டாரா? இல்லை. ஆனால் பதக்கம் போனது. அடுத்த ஆண்டு அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். கருணாநிதி அரசு மட்டும் அறிவித்த 15 லட்சம் ரூபாயை மறுக்காமல் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இருந்தும் 2012இல் அவர் மறுபடி சூளையில் செங்கல் சுமந்ததை நாளிதழ்கள் படம் போட்டன. ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் 2014இல் அன்றைய ஆண் ஹார்மோன் விதியால் ஒதுக்கப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞரும் அரசின் ஆதரவும் வாய்த்தன. 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டூட்டி இரண்டு வெள்ளி வாங்கினார். இரண்டு பேருக்கும் இடையே உடலைவிடப் பெரிய வித்தியாசம், பின்னால் நிற்க ஆள் இருந்ததுதான்.

இதனால்தான் இது மந்தினுக்குப் பொருந்துகிறது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த நம் குடும்பங்களில் பெண்பிள்ளை மாநில அளவுக்கு ஓடுவதே பெரும்பாடு. சந்தேகம் கிளம்பினால் வழக்குப் போட யாரிடம் பணம் இருக்கிறது? மருத்துவ அறிக்கை வெளியே கசிந்தால் எந்தத் தாமானுக்கு மாறிப் போவது?

பள்ளி அளவில் இதெல்லாம் வராது என்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2022இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த மாணவிகளின் பெற்றோர் புகார் கொடுக்க, முதலில் வந்த பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பாலர் பள்ளிவரை தோண்டினார்கள். பெண்தான். 2023இல் கனடாவின் கெலோனாவில் குண்டு எறிந்த ஒன்பது வயதுச் சிறுமியை ஒருவர் பையன் என்று கத்தி நிறுத்தப் பார்த்தார். அவள் செய்த குற்றம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது. பத்துமலையில் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் எந்தத் திடலில் நிற்பது?

அனைத்துலக மேடைக்கு விதி வேண்டும் என்றால் இருக்கட்டும். அதைச் சங்கத்தின் மருத்துவர்கள் மூடிய அறையில், பெயர் கசியாமல், பிள்ளைக்கும் தாய்க்கும் முதலில் விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். பள்ளித் திடலுக்கு அது வரக்கூடாது. ஆசிரியர்களே, வேலிக்கு வெளியே நின்று ஜெயித்த பிள்ளையின் உடலைப் பற்றிப் பேசுகிற பெற்றோரை அந்த இடத்திலேயே வாயை மூடச் சொல்லுங்கள்.