மனச்சிதைவு: குடும்பத்துக்கு யார் சொல்லித்தருவது?

அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செஞ்சி வழியாகப் பேருந்துகள் நிரம்பி வழிந்து போகும். ஊஞ்சல் உற்சவம் காண வருவோருக்கு நடுவே, ‘காத்து கருப்பு பட்டிருச்சு’ என்று மகனையோ மருமகளையோ கைபிடித்து அழைத்துவரும் குடும்பங்களும் உண்டு. யாரோ காதில் பேசுகிறார்கள், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று அழைத்துவரப்படுபவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். அவர்களைக் கோயிலுக்கு அழைத்துவருவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், கடன் வாங்கியாவது கூடவே வந்து நிற்கும் அந்த உறவுகள்தான் இந்நோய்க்கான சிகிச்சையில் பெரிய பலம். நம் மருத்துவ அமைப்பு அதிகம் பயன்படுத்தாத பலமும் அதுதான்.

தமிழகக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றி நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அங்கே தனிப்பட்ட வைத்தியச் சடங்கு எதுவும் கிடையாது. உறவினர் ஒருவர் கூடவே தங்குவார். நோயாளி கோயில் வேலைகளில் பங்கெடுப்பார். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் தீவிர மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. பரிவான சூழலுக்கும் துணைக்கும் எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஆதாரம்.

மருத்துவமனைக்குள்ளும் இந்தத் துணைக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கவைப்பதை வழக்கமாக்கியது. மேலை மருத்துவமோ வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மட்டும் நோய் ஏன் மீண்டும் முற்றுகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் ஆராய்ந்தார். ஓயாத குத்தல் பேச்சு, வெறுப்பு, மூச்சுவிட இடம் தராத அதீத அக்கறை ஆகியவை நிறைந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று தெரியவந்தது. அதன் பிறகு ஜூலியன் லெஃப் குழுவினர், மாத்திரையோடு குடும்பத்துக்கும் பயிற்சி தந்து பார்த்தார்கள். 1982இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், பயிற்சி இல்லாத பிரிவில் ஒன்பது மாதங்களுக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்ற பிரிவில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே. பிரிட்டனின் இன்றைய வழிகாட்டு நெறிகள், குறைந்தது பத்து அமர்வுகளையாவது குடும்பத்துக்குத் தரச் சொல்கின்றன.

1980களில் சண்டிகரில், வீட்டுச் சூழலை அளக்க லண்டனில் பயன்படுத்திய அதே அளவுகோலை வைத்து ஆராய்ந்தபோது, குத்தல் பேச்சு மிகுந்த வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. கிராமங்களில் இன்னும் குறைவு. ‘நம் குடும்ப அமைப்பே மருந்து’ என்று பெருமை பேச இது உதவியது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்தைப் புகழ்ந்துவிட்டு, முழுச் சுமையையும் அதன் தலையில் வைத்துவிட்டு, அரசு நகர்ந்துகொள்கிறது. சுமப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. மகன் எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பது நோயின் அறிகுறி என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘சோம்பேறி’ என்று அவர் திட்டினால், குற்றம் அவருடையதல்ல.

குடும்பச் சிகிச்சை என்பதில் மாயம் எதுவும் இல்லை. நோய் யாருடைய பாவத்தாலும் செய்வினையாலும் வந்ததல்ல என்று விளக்குவது; நோயாளிக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைக் கலக்காமல் அவரிடம் பேசிக் கொடுக்கப் பழக்குவது; தூக்கம் குறைவது, தனக்குத் தானே முணுமுணுப்பது போன்ற முன்னறிகுறிகளைக் கண்டதும் மருத்துவரிடம் போகச் சொல்வது; ‘கல்யாணம் பண்ணா சரியாப்போயிடும்’ என்ற முடிவைத் தடுப்பது; சிறு சிறு வேலைகளை நோயாளியிடம் திரும்ப ஒப்படைப்பது; பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை வீட்டார் அனைவரையும் ஏற்கவைப்பது.

இதற்கெல்லாம் மனநல மருத்துவரே வர வேண்டியதில்லை. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதைச் செய்து காட்டியது. காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்த ஆய்வு அது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் முன்னேற்றம் கூடுதல் என்று 2014இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ஒட்டுமொத்தப் பலன் மிதமானதே. ஆனால், வசதி குறைந்த காஞ்சிபுரம் கிராமங்களில்தான் அது தெளிவாகத் தெரிந்தது.

எல்லா வீடுகளும் அடைக்கலம் அல்ல என்பதையும் மறக்கலாகாது. மனச்சிதைவால் திருமண வாழ்வு முறிந்து, பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி மனநல மருத்துவர் ஆர்.தாராவும் சகாக்களும் 2003இல் பதிவுசெய்திருக்கிறார்கள். 2001இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டுச்சென்றவர்களும் வழி தெரியாத குடும்பத்தினரே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. குடும்பம் இல்லாதவருக்குச் சமூக வாழ்விடம் தருவது அரசின் கடமை.

செஞ்சிப் பகுதியில் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கூலி வேலை பார்க்கும் குடும்பம், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வந்தால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகும். அவர்களை மேலும் அலைய வைக்காமல், சிகிச்சைதான் அவர்களிடம் போக வேண்டும். அதற்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மனச்சிதைவுக்கான மாத்திரையையும் குடும்பப் பயிற்சியையும் அதே பாதையில் சேர்க்க வேண்டும். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணும் மாவட்ட மனநலத் திட்டம், எத்தனை குடும்பங்களுக்கு முழுப் பயிற்சி தந்தோம் என்றும் கணக்குக் காட்ட வேண்டும்.

அதுவரை, வீட்டில் தனியாகத் தவிப்பவர்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.