அவை கூடாத நாட்களில் கருவூலச் சாவி யாரிடம்?

2025 மே மாதத் தொடக்கத்தில் மகாராஷ்டிராவில் ஒரு நிதி மாற்றம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ‘லாட்கி பஹீண்’ திட்டத்தின் கீழ் பெண்களுக்கு மாதந்தோறும் வழங்கும் 1,500 ரூபாய்க்காக, சமூக நீதித் துறையின் ஒதுக்கீட்டிலிருந்து 410 கோடி ரூபாயும் பழங்குடியினர் மேம்பாட்டுத் துறையின் ஒதுக்கீட்டிலிருந்து 335 கோடி ரூபாயும் பெண்கள், குழந்தைகள் நலத் துறைக்குத் திருப்பிவிடப்பட்டன. சமூக நீதித் துறை அமைச்சர் சஞ்சய் ஷிர்சாட்டே, தமக்குத் தெரியாமல் இது நடந்துவிட்டதாகப் பகிரங்கமாக அதிருப்தி தெரிவித்தார். அந்தத் தொகை தலித், பழங்குடிப் பெண்களுக்கே போய்ச் சேருகிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது.

பெண்களின் கையில் பணம் சேருவதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. ஆனால் விடுதிகளுக்கும், உதவித்தொகைக்கும், உறைவிடப் பள்ளிகளுக்கும் உரிய நிதியிலிருந்து எடுத்துத்தான் அதைக் கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்பதற்குரிய இடம் சட்டமன்றம். அந்த ஆண்டின் நிதிநிலைக் கூட்டத்தொடர் மார்ச் 26 அன்றே முடிந்துவிட்டது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூன் 30 அன்றுதான் தொடங்கியது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் இந்தக் கேள்வியை எழுப்ப, பதில் பெற, மாற்றத்தை நிறுத்திவைக்க மக்கள் பிரதிநிதிகளுக்கு எந்த மன்றமும் இல்லை. இது மகாராஷ்டிராவுக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று. நமது மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தின் அமைப்பிலும் உள்ள ஓட்டை.

அரசியல் சாசனம் சொல்வது என்ன?

சட்டத்தின் அனுமதியின்றித் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 266ஆவது பிரிவு. மானியக் கோரிக்கைகள் அவையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே செலவு தொடங்க முடியும். ஆண்டின் நடுவே கூடுதல் தேவை எழுந்தால், 205ஆவது பிரிவின் கீழ் துணை மானியக் கோரிக்கையுடன் அரசு மீண்டும் அவைக்கு வர வேண்டும். எதிர்பாராத செலவுகளுக்காக 267ஆவது பிரிவின் கீழ் தனியே ஒரு நிதி உண்டு. அதிலிருந்து முன்பணம் எடுத்துவிட்டு, பின்னர் அவையின் ஒப்புதல் பெற்று ஈடுசெய்ய வேண்டும்.

ஏட்டளவில் இது செம்மையான ஏற்பாடுதான். ஆனால் அவை ஆண்டில் கணிசமான நாட்கள் கூடும் என்ற அனுமானத்தின் மீது எழுப்பப்பட்ட ஏற்பாடு இது. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாத இடைவெளி விழக் கூடாது என்று மட்டுமே 174ஆவது பிரிவு கூறுகிறது. எத்தனை நாட்கள் கூட வேண்டும் என்று கூறவில்லை. பிஆர்எஸ் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்புகளின்படி, அண்மை ஆண்டுகளில் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாக ஆண்டுக்கு 20 நாட்களை ஒட்டியே கூடுகின்றன. பெரிய மாநிலங்களில் குறைந்தது 90 நாட்களும், 70 உறுப்பினர்களுக்குக் குறைவான சிறிய மாநிலங்களில் 50 நாட்களும் அவை கூட வேண்டும் என அரசியல் சாசனச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல் பரிந்துரைத்தது. அது அலமாரியில் உறங்குகிறது. ஆக, ஆண்டின் ஏறத்தாழ 340 நாட்கள் கருவூலச் சாவி நிர்வாகத்தின் இடுப்பில் மட்டுமே தொங்குகிறது.

மூன்று வாசல்கள்

அந்த நாட்களில் அவை நிறைவேற்றிய நிதிநிலை அறிக்கையை மாற்ற மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது, எதிர்பாராச் செலவு நிதி. வெள்ளம், நிலநடுக்கம், கொள்ளைநோய் போன்ற வேளைகளில் அவை கூடும்வரை காத்திருக்க முடியாது என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எதிர்பாராதது எது என்பதை யார் தீர்மானிப்பது? பிஹாரில் இந்நிதியின் நிரந்தர அளவு 350 கோடி ரூபாய். அதைத் தற்காலிகமாக என்று சொல்லி ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு உயர்த்துவது அங்கே வாடிக்கையாகிவிட்டது. வழக்கமான செலவுகளுக்கும் இந்நிதி பயன்படுத்தப்படுவதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். இந்தப் பாதையில் ஒன்றிய அரசும் சளைத்ததல்ல. 500 கோடி ரூபாயாக இருந்த இந்திய எதிர்பாராச் செலவு நிதியை மோடி அரசு 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியே ஒரே அடியில் 30,000 கோடி ரூபாயாக்கியது. அறுபது மடங்கு உயர்வு.

இரண்டாவது, மறுநிதி ஒதுக்கம். ஒரு மானியக் கோரிக்கையிலிருந்து மற்றொன்றுக்கு அவையின் அனுமதியின்றிப் பணத்தை மாற்ற முடியாது. ஆனால் ஒரே மானியக் கோரிக்கைக்குள், ஒரு திட்டத்திலிருந்து மற்றொரு திட்டத்துக்கு நிதித் துறையின் ஆணை கொண்டே மாற்றிக்கொள்ளலாம். அவை விவாதித்து ஒப்புக்கொண்ட முன்னுரிமை இவ்வாறு கோப்பொன்றில் உருமாறிவிடுகிறது. மாறிய செய்தி உறுப்பினர்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் தணிக்கை அறிக்கை வெளியாகும்போதுதான்.

மூன்றாவது வாசல் கண்ணுக்கே தெரியாதது. ஏழைகளுக்கு அதிகத் தீங்கு செய்வதும் அதுவே. ஒதுக்கியதைவிடக் கூடுதலாகச் செலவிட அரசுக்கு அவையின் அனுமதி வேண்டும். ஒதுக்கியதைச் செலவிடாமல் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்! நிதியை விடுவிக்காமல் இழுத்தடித்து, மார்ச் மாத இறுதியில் திருப்பி ஒப்படைத்துவிட்டால் போதும். அவை வாக்களித்து வழங்கிய கல்வி உதவித்தொகையும் விடுதிக் கட்டடமும் சத்தமின்றிச் செத்துவிடும். வெட்டு என்ற சொல் எந்த ஆவணத்திலும் இடம்பெறாது. சேமிப்பு என்றே கணக்கில் எழுதப்படும்.

பின்னேற்பு என்னும் சடங்கு

பிறகுதான் துணை மானியக் கோரிக்கைகள் வருகின்றனவே என்று கேட்கலாம். மீண்டும் மகாராஷ்டிராவையே பார்ப்போம். 2025 மார்ச்சில் ஏறத்தாழ 7 லட்சம் கோடி ரூபாய்க்கு நிதிநிலை அறிக்கை முன்வைக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளில் 57,509 கோடி ரூபாய்க்குத் துணை மானியக் கோரிக்கைகள் வந்தன. டிசம்பரில் நாக்பூரில் ஒரே வாரம் நடந்த குளிர்காலக் கூட்டத்தொடரில் மேலும் 75,286 கோடி ரூபாய். இரண்டையும் கூட்டினால் மூல நிதிநிலை அறிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதில் ஒரு பகுதி கணக்குச் சரிக்கட்டல் என்பது உண்மையே. ஆயினும் இவ்வளவு பெரிய தொகையை ஒரு வாரக் கூட்டத்தில், ஏனைய அலுவல்களுக்கு நடுவே, உறுப்பினர்கள் வரிவரியாகப் பரிசீலித்தார்கள் என்று யாராவது கூற முடியுமா? பெரும்பான்மை கொண்ட அரசுக்கு இது வெறும் பின்னேற்புச் சடங்கு.

அந்தச் சடங்கைக்கூட மதிக்காத மாநிலங்கள் உண்டு. ஒதுக்கீட்டை மீறிய செலவைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்த பின், அவை முறைப்படுத்த வேண்டும். தெலங்கானாவில் மாநிலம் உருவான 2014-15ஆம் ஆண்டு தொடங்கியே இத்தகைய மீறல்கள் முறைப்படுத்தப்படாமல் குவிந்ததைத் தணிக்கை அறிக்கைகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன.

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. பிரிக்கப்படாத பிஹாரின் கால்நடைத் துறையில், அவை ஒதுக்கியதைவிடப் பல மடங்கு தொகை ஆண்டுதோறும் போலிப் பட்டியல்களின் பேரில் கருவூலங்களிலிருந்து எடுக்கப்பட்டது. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் நடந்த சோதனைக்குப் பிறகே மாட்டுத் தீவன ஊழல் முழு அளவில் வெளிவந்தது. 900 கோடி ரூபாய்க்கும் மேல் சூறையாடப்பட்டிருந்தது. ஊழல் செய்தோர் குற்றவாளிகள்தாம். ஆனால் ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் இடையிலான அந்தப் பள்ளம் மாதந்தோறும் மக்கள் பிரதிநிதிகளின் பார்வைக்கு வந்திருந்தால், கொள்ளை இத்தனை ஆண்டுகள் நீடித்திருக்குமா?

இது நமது பிரச்சனையா?

நிதி நடைமுறை என்பது அதிகாரிகளின் கணக்குப் புத்தக விவகாரம். வர்க்கப் போராட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கருதலாம். அது சரியன்று. வரி வருவாயில் மாநிலங்களின் சுதந்திரத்தை ஜிஎஸ்டி சுருக்கிவிட்டது. கடன் வாங்குவதற்கு ஒன்றிய அரசு உச்சவரம்பு விதிக்கிறது. பகிர்ந்தளிக்க வேண்டாத செஸ், கூடுதல் வரிகளை அது பெருக்கிக்கொள்கிறது. இந்த நெருக்கடி ஆண்டின் நடுவே முற்றும்போது எங்கோ வெட்டு விழுந்தாக வேண்டும். பெருநிறுவனங்களுக்கான ஊக்கச் சலுகைகளைக் காக்க அதிகார வட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பழங்குடி மாணவர் விடுதிக்கு அங்கே ஆளில்லை. அவை மூடியிருக்கும் வேளையில் பூட்டிய அறைக்குள் நடக்கும் இந்தப் பங்கீட்டில் யார் தோற்பார்கள் என்பது முன்கூட்டியே முடிவானது.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்குக் கால் கொப்பளிக்க நடந்த விவசாயிகளில் பெரும் பகுதியினர் பழங்குடி மக்கள். அத்தகைய போராட்டங்களின் அழுத்தத்தால் ஒதுக்கீடுகள் நிதிநிலை அறிக்கையில் ஏறுகின்றன. தெருவில் வென்றதைக் கோப்பில் இழக்க விடுவது போராடிய மக்களுக்குச் செய்யும் துரோகம்.

மாற்று உண்டு

கூட்டத்தொடர்களுக்கு இடையே சட்டமன்றம் விழித்திருப்பது முடியாத காரியம் அன்று. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, ஒரேகன் மாநிலத்தில் இரு அவைகளின் உறுப்பினர்களையும் கொண்ட அவசர வாரியம் ஒன்று இயங்குகிறது. 1952இல் அம்மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி அதை அமைத்தார்கள். அவை கூடாத காலத்தில் ஒரு துறைக்குக் கூடுதல் நிதி வேண்டுமானால், அத்துறை அந்த வாரியத்தின் முன் வந்து காரணம் கூற வேண்டும்.

நமது நாட்டிலேயே அடித்தளம் இருக்கிறது. கேரளச் சட்டமன்றம் 1980இலேயே துறைவாரியான பாடக் குழுக்களை அமைத்தது. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் அக்குழுக்களில் பரிசீலிக்கப்பட்டே அவைக்கு வருகிறது. நாடாளுமன்றம் துறைசார் நிலைக்குழுக்களை முழுமையாக ஏற்படுத்தியது 1993இல்தான். ஆண்டுத் தொடக்கத்தில் மானியக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் குழு, ஆண்டின் நடுவே அது மாற்றப்படும்போதும் ஏன் பரிசீலிக்கக் கூடாது?

எனவே எல்லா மாநிலங்களிலும் நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கூட்டத்தொடர்களுக்கு இடையிலும் கூடும் நிதிக் கண்காணிப்புக் குழு ஒன்றை, எதிர்க்கட்சி உறுப்பினரின் தலைமையில் ஒவ்வொரு சட்டமன்றமும் அமைக்க வேண்டும். எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முன்பணமும், ஒவ்வொரு மறுநிதி ஒதுக்க ஆணையும் 15 நாட்களுக்குள் அக்குழுவின் முன்பும் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். தலித், பழங்குடித் துணைத் திட்ட நிதியைக் குழுவின் முன் ஒப்புதலின்றி வேறெதற்கும் மாற்றக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒதுக்கீட்டை விடுவிக்காமல் நிறுத்திவைப்பதற்கும் இதே நிபந்தனை பொருந்த வேண்டும். உண்மையான பேரிடர் வந்தால் அரசு உடனே செலவிடட்டும்; ஆனால் சில நாட்களுக்குள் குழுவின் முன் வந்து கணக்குச் சொல்லட்டும்.

இக்கோரிக்கைகளைச் சட்டமன்றத்தில் நமக்குள்ள சில உறுப்பினர்களின் குரலால் மட்டும் வென்றுவிட முடியாது. துணை மானியக் கோரிக்கை வரும் நாளில் மட்டும் கண்டன அறிக்கை வெளியிட்டு நிற்பதும் போதாது. மாணவர், மாதர், விவசாயத் தொழிலாளர், பழங்குடியினர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் தத்தம் மாவட்டத்தில் ஒரேயொரு துறையையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் அதற்கு ஒதுக்கியது எவ்வளவு, செப்டம்பர் வரை விடுவித்தது எவ்வளவு, மார்ச்சில் திருப்பி ஒப்படைத்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். விடுதி மாணவர்களின் உணவுத் தட்டில் எது குறைந்தது என்பதையும் கருவூலக் கணக்கில் எது மாறியது என்பதையும் இணைத்துக் காட்டும்போதுதான், இந்தக் கோரிக்கை மக்களின் கோரிக்கையாக வலுப்பெறும்.