பந்துக்கும் ஓர் அரிச்சுவடி வேண்டும்

குழந்தைக்கு 'அ, ஆ' கற்றுக்கொடுக்கும்போது, "இவள் பிற்காலத்தில் கவிஞர் ஆவாளா?" என்று எவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் எழுத்துத் தெரிய வேண்டும் என்றே கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் பந்து, மட்டை என்று வந்துவிட்டால் நம் வழக்கமே வேறு. பல பள்ளிகளில் ஆறாம் வகுப்பில்தான் அணிக்கு ஆள் எடுப்பார்கள். ஏற்கெனவே பந்து பிடிக்கத் தெரிந்த சிலர் அணியில் சேர்வார்கள். மற்றவர்கள் ஓரமாக நின்று கைதட்டுவார்கள். அவர்களுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

"பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது" என்பார் சிலர். மாலையில் நம் திருத்தணித் தெருக்களைப் பாருங்கள். நான்கைந்து வயதுச் சிறுவனும் தென்னை மட்டையோடு இறங்கிவிடுகிறான். அவனுடைய அக்காவோ வாசற்படியில் நிற்கிறாள். வீட்டுக்குள் விழுந்த பந்தை எடுத்துக் கொடுக்க மட்டுமே அவளை அழைக்கிறார்கள். ஆறு ஆண்டு பழகியவனும் பழகாதவளும் எறிந்தால் யாருடைய பந்து தூரம் போகும்? இது பிறவிக் குறையா, பழக்கக் குறையா? நீங்களே சொல்லுங்கள்.

எறிதல், பிடித்தல், அடித்தல் மூன்றுமே கற்பித்தால் வருபவை. வலக்கையால் எறிபவள் இடக்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும். பிடிப்பவள் பந்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பந்து கையில் பட்டதும் கையைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். விறைத்த கையிலிருந்து பந்து தெறித்துவிடும். அடிக்கப் பழகுபவளுக்கு முதலில் அசையாமல் வைத்த பந்து, பிறகு உருண்டு வரும் பந்து, அதன் பின்னரே எழும்பி வரும் பந்து.

பந்தும் வயதுக்கேற்றதாக இருக்கட்டும். மெதுவாக மிதந்து வரும் பலூனில் தொடங்கலாம். பிறகு துணிப்பந்து, அதன்பின் ரப்பர் பந்து. தஞ்சையில் பிறந்த பூப்பந்தாட்டத்தின் மஞ்சள் கம்பளிப் பந்து இலேசானது. பட்டாலும் அதிகம் வலிக்காது. கிரிக்கெட் விதிகளே ஆண்களின் பந்தைவிடப் பெண்களின் பந்தையும், அதைவிடச் சிறுவர் பந்தையும் எடை குறைத்து வைத்திருக்கின்றன. நம் மலைக்கோயிலுக்கு 365 படிகள். முதல் படியை மிதிக்காமல் உச்சிக்குப் போனவர் உண்டோ?

"வெயிலில் கறுத்துப் போவாய்", "பரீட்சை நேரத்தில் விளையாட்டா?" என்று பெற்றோர் கேட்பது எனக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் படிக்கும் எனக்குத் தேர்வைப் பற்றிய கவலை இல்லாமலா இருக்கும்? திருத்தணி வெயிலோ கோடைதோறும் செய்தித்தாளில் இடம்பெறும் வெயில்! ஆகவே நான் கேட்பது நடுப்பகலையும் அன்று, பத்தாம் வகுப்பின் படிப்பு நேரத்தையும் அன்று. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் காலை வழிபாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் போதும். எட்டு, ஒன்பதாம் வகுப்பு அக்காமார் கற்றுக்கொடுக்கலாம். தச்சரிடம் சொன்னால் சின்ன மட்டைகளைச் செய்து தருவார். தேர்வு வேண்டாம், பரிசும் வேண்டாம். ஒரு குழந்தையும் விட்டுப்போகக் கூடாது என்பதே விதியாக இருக்கட்டும்.

சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2013இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ஓட்டங்கள் எடுத்து, உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் பந்து வீசிய ஸ்ரீ சரணி கடப்பா மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். நம் ஊர் வழியே செல்லும் இருப்புப்பாதைதான் ரேணிகுண்டா தாண்டிக் கடப்பாவுக்கும் போகிறது. அவ்வளவு அருகில் இருப்பவர் அவர்!

எல்லோரும் இந்திய அணிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் தன்னை நோக்கி வரும் பந்தைக் கண்டு முகத்தை மூடிக்கொள்ளாமல், கையை நீட்டிப் பிடிக்க ஒவ்வொரு சிறுமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துணிவு மைதானத்துக்கு வெளியிலும் அவளுக்குத் துணை நிற்கும். அருட்சகோதரியரே, பெற்றோரே, எங்கள் தங்கையரின் கையில் பலகையோடு ஒரு பந்தையும் கொடுங்கள். அவர்கள் அதைக் கீழே விடமாட்டார்கள்.